என்ஜினுக்கு மேல் குந்தியிருந்த அத்தான்

எங்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். மிதிவெடி எடுக்கிற வேலையில் இது ஒரு விசித்திரம்: நன்றாக வேலை செய்தால் வேலை போய்விடும். நான் அவ்வளவு நன்றாகச் செய்தவன் இல்லை. மற்றவர்கள் செய்த நல்ல வேலையோடு என் வேலையும் சேர்ந்து போனது. வயதும் வந்துவிட்டது. முழங்கால் இரண்டும் எனக்கு முன்னமே ஓய்வு பெற்றுவிட்டன.

இன்னும் வேறு இடங்களில் அந்த வேலை செய்கிற பெடியளும் பெட்டையளும் சிலர் அண்மையில் என்னைப் பார்க்க வட்டக்கச்சிக்கு வந்தார்கள். எனக்கும் அக்கா குடும்பத்துக்கும் ஒரே முற்றம். அதில் நின்ற ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள்:

“சின்னராசா அண்ணை, இது உண்மையா வெள்ளைக்காரன்ர ஆமி ஜீப்போ?”

“ஓம் பிள்ளை. இரண்டாம் உலக யுத்தத்துக்கெண்டு வந்தது. திரும்பிப் போக மனமில்லாமல் நிண்டிட்டுது.”

“இந்த ஜீப்பாலதான் யோகாக்கா உங்களைக் கதைக்கச் சொல்லி ஓடர் போட்டவாவாம். மெய்யோ?”

“மெய்தான்.”

“அதை எழுதுங்கோவன் அண்ணை. ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரிச் சொல்லினம்.”

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். என் கையெழுத்தைப் பார்த்தால் கோழி கூடத் தன்னுடையது இல்லை என்று சொல்லிவிடும். ஆனாலும் எழுதினேன். மகள் பிழை திருத்தித் தந்தாள். பகிடிகளையும் திருத்தப் பார்த்தாள், விடவில்லை.

வேலை பழகிய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு கராஜில் சேர்ந்தேன். பெற்றோல் என்ஜினை மண்ணெண்ணெயில் ஓட வைப்பதுதான் அப்போது எங்கள் படிப்பு. பெற்றோலைக் கண்ணால் கண்டது குறைவு, மூக்கால் கண்டது அதைவிடக் குறைவு. சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து ஊருக்கு வந்தபோது திருத்துவதற்கு வாகனம் ஒன்றும் இல்லை. மிதிவெடி எடுக்க ஆள் சேர்த்தார்கள். ஏன் இந்த வேலைக்கு வருகிறீர் என்று கேட்டார்கள். “குனிஞ்சு வேலை செய்து பழக்கம் ஐயா” என்றேன். எடுத்துவிட்டார்கள். சில கிழமை பயிற்சி. அதன் பிறகு இத்தனை வருடம் குனிந்தபடியே போனது.

இனி ஜீப்பின் கதை. அது என் அக்காவின் கணவர் தருமலிங்கம் அத்தானுடையது. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த காலத்தில், தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார என்ஜினியரிடம் வாங்கியது. ஸ்டியறிங் இடது பக்கம். நெல் ஏற்றினது, கலியாணத்துக்கு மாப்பிள்ளை ஏற்றினது, பிள்ளைப்பேறுக்கு என் அக்காவையே ஏற்றினது. அத்தான் அதில் கொண்ட பாசத்தில் பாதியை என்மேல் வைத்திருந்தால் நான் ஒரு மனிதனாக வந்திருப்பேன்.

கடைசி இடப்பெயர்வில் ஜீப் கண்டாவளையில் அத்தானின் வயல் காணிவரைக்கும்தான் போனது. அதற்கு மேல் ஊற்ற ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் எல்லோரும் நிலத்தைத்தான் நம்பினார்கள். தையல் மெஷினைப் புதைத்தார்கள், தண்ணிப் பம்பைப் புதைத்தார்கள், பித்தளைக் குடத்தைப் புதைத்தார்கள். என்ஜின் இல்லாத ஜீப்பை ஒருவரும் கொண்டுபோக மாட்டார்கள் என்று அத்தான் கணக்குப் போட்டார். நானும் அவருமாக என்ஜினைக் கழற்றினோம். கிறீஸ் பூசி, பொலித்தீன் சுற்றி, தறப்பாளால் கட்டி, வயல் வெளியின் நடுவில் கிடங்கு வெட்டி இறக்கினோம். காபரேற்றர் பூட்டுகிற ஓட்டையை அடைக்கத் துணி தேவைப்பட்டபோது என் மாற்றுச் சாரத்தைப் பறித்துக் கிழித்தார். இடம்பெயர்வு முழுக்க நான் ஒற்றைச் சாரத்தோடு ஓடினேன்.

பிறகு, யாரும் தோண்டாமல் இருக்க அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. பலகை ஒன்றில் ‘கவனம், மிதிவெடி’ என்று எழுதி அந்த இடத்தில் நட்டோம். மண்டையோடு நான் வரைந்தது. பார்த்த அக்கா, “உதென்ன, குரும்பையோ?” என்று கேட்டா.

யோசனை நன்றாகவே வேலை செய்தது. எங்களுக்கும் சேர்த்துத்தான்.

மீளக்குடியேறியபோது, ஆபத்தான காணிகளை அடையாளம் காண வந்தவர்கள் எங்கள் பலகையைக் கண்டிருந்தார்கள். பக்கத்தில் சண்டைக்குப் போட்ட மண் அணையும் போனதால் சந்தேகமே இல்லாமல் முழு வயலையும் மறித்துவிட்டார்கள். அத்தான் போய், அது நாங்கள் விளையாட்டுக்கு நட்ட பலகை என்று விளக்கினார். அவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மேலும் சில பலகைகளை நட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய மண்டையோடு மண்டையோடு மாதிரியே இருந்தது.

ஜீப்பின் உடம்பு மட்டும் பிறகு வந்து சேர்ந்தது. மண் அணைக்குள் பாதி புதைந்து கிடந்ததை, அந்தப் பகுதியைத் துப்புரவு செய்தபின் உழவு மெஷினில் கட்டி இழுத்து வந்தோம். டயர் இல்லை, சீற் இல்லை. பின்பக்கத்தில் கோழி முட்டையிட்டது. அத்தான் வட்டக்கச்சியில் இருந்த மற்ற வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு ஜீப்போடு குந்தினார். கறள் சுரண்டுவார், தகரம் ஒட்டுவார், வவுனியாவுக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையெல்லாம் தேடுவார். வேறு என்ஜின் போடலாம் என்று யார் சொன்னாலும் அவர்களோடு ஒரு மாதம் கதைக்க மாட்டார். சுற்றிவர உடம்பு தயார். நடுவில் ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பார்.

வருடக்கணக்காக வேறு இடங்களில் வேலை செய்த எங்கள் குழு கடைசியில் அந்த வயலுக்கு வந்தது. முதல் நாளே எங்கள் தலைவியிடம் போனேன். அவர் பெயர் யோகராணி. என்னைவிட மிகவும் இளையவர். மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம்.

“லீடர், அந்தப் பலகை நாங்கள் வைச்சது. கீழ கிடக்கிறது என்ர அத்தான்ர ஜீப் என்ஜின். நேர அங்க போய் எடுத்திட்டமெண்டால்…”

“எப்ப வைச்சனீங்கள் அண்ணை?”

“இடம்பெயரேக்க.”

“அதுக்குப் பிறகு இந்தக் காணிக்க ஆர் ஆர் வந்தவை?”

“எனக்கென்னண்டு தெரியும்?”

“எனக்கும் தெரியாது. அப்ப ரெண்டு பேருக்கும் தெரியாத காணி. ஓரத்தில இருந்து துவங்குவம்.”

யோகா அப்படித்தான். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஏசும்போதும் ‘ங்கோ’ போட்டுத்தான் ஏசுவார். அது இன்னும் சுடும். காலையில் ஒவ்வொருவராக நிறுத்தி, முகக்கவசப் பட்டியை ஒரு விரல் விட்டு இழுத்துப் பார்ப்பார். வேலையை விளக்கிவிட்டு, “திருப்பிச் சொல்லுங்கோ” என்பார். நான் பகிடி சேர்த்துத் திருப்பிச் சொன்னால், சிரிக்காமல், “இப்ப பகிடி இல்லாமல் ஒருக்கா” என்பார். “அண்ணை, பகிடி தேத்தண்ணிக்கு. லேனுக்குள்ள வேண்டாம்” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

லேன் என்பது ஒரு ஆள் அகலத்துக்கு நாங்கள் துப்புரவு செய்து முன்னேறுகிற பாதை. முன்னால் தரையில் ஒரு தடி குறுக்கே கிடக்கும். தடிக்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் தெரியாது. முதலில் புல்லை வெட்ட வேண்டும், அதுவும் பிடித்து இழுக்காமல். பிறகு இரும்பு கண்டால் கத்துகிற கருவியால் தடவ வேண்டும். அது கத்தினால் மண்ணைச் சரிவாக, பக்கவாட்டில் இருந்து, விறாண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். மேலிருந்து குத்தக்கூடாது. வெளியே வருவது பெரும்பாலும் ஆணி, மீன் ரின், துப்பாக்கிச் சன்னம், ஒரு தரம் என்னுடைய சொந்த வெற்றிலைப் பெட்டியின் மூடி. ஒரு சாண் முடிந்ததும் தடியை ஒரு சாண் தள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதை நாள் முழுக்க, வெயிலில், கவசத்துக்குள் அவிந்துகொண்டு செய்ய வேண்டும்.

நாங்கள் ஒரு துண்டை முடித்துவிட்டோம் என்று சொன்னால் யோகா வந்து பார்ப்பார். பிறகு அந்த மண்ணில் முதலில் தான்தான் நடப்பார். பேசாமல், மெதுவாக, மூலைக்கு மூலை. நான் சுத்தம் என்று சொன்ன நிலத்தில் இன்னொருவருடைய பிள்ளை கால் வைத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வேலையில் எனக்குப் பகிடி வராத நேரம் அது ஒன்றுதான்.

வீட்டிலோ அத்தானின் கரைச்சல். கிழமை முடிவில் வேலை முகாமிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்ற முதல் துவங்குவார்.

“என்னடா, இந்தக் கிழமை எவ்வளவு தூரம் வந்தனீங்கள்?”

“வேலிக்கரை முடியுது அத்தான்.”

“ஆமை உங்களைப் பார்த்து விலத்திக்கொண்டு போகும். மாரி துவங்கப் போகுது. இவ்வளவு காலம் கிடந்த என்ஜின் இன்னொரு மாரிக்குத் தாங்காது.”

“ஒழுங்காத்தானே அத்தான் செய்ய வேணும்.”

“என்ன ஒழுங்கு? பலகை நட்டது நான், படம் கீறினது நீ! அங்க மிதிவெடி இருந்தால் அது உன்ர மண்டையோட்டுக்குள்ளதான் இருக்கும்.”

அக்கா குசினிக்குள் இருந்து, “ரெண்டு பேற்ற மண்டைக்குள்ளயும் ஒண்டும் இல்லை. வந்து சாப்பிடுங்கோ” என்றா.

பிறகு ஒரு நாள், வேலிக்கரைப் பூவரசுக்குப் பக்கத்தில், குழுவில் ஒரு பிள்ளை உண்மையான மிதிவெடி ஒன்றை எடுத்தாள். எங்கள் பொய்ப் பலகைக் காணிக்குள் நிஜ வெடி. சண்டை அந்த வயலைக் கடந்துபோன நேரத்தில் யாரோ வைத்தது. அன்று மாலை முகாமில் படுத்துக் கிடந்தபோது வீட்டுக்குச் சொல்வோமா என்று நினைத்தேன். கிழமை முடிவில் நேரே சொன்னால்தான் அத்தான் நம்புவார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனால், வயலின் நடுவில் அத்தான் நிற்கிறார்.

மாரிக்கு முன்னம் தானே எடுத்துவிடுவது என்று முடிவு கட்டி, அலவாங்கோடு மறுபக்கத்தால் நுழைந்திருக்கிறார். எங்கள் பழைய பலகை காலடியில் விழுந்து கிடக்கிறது. அரைக் கிடங்கு வெட்டிவிட்டார். எங்களைக் கண்டதும் கையை ஆட்டினார்.

“சின்னவன்! தறப்பாள் தெரியுதடா! ஓடி வா!”

யோகா விசில் ஊதினார். எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்றார்கள்.

“ஆர் அண்ணை அது?”

“என்ர அத்தான்.”

“வெட்டுறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ. அசையவேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

நான் கத்தினேன். அத்தான் சிரித்தார். “சரி சரி, கோவிக்காதேங்கோ. வந்த வழியாலயே போறன்” என்று அலவாங்கைத் தோளில் வைத்தார். வந்த வழி எங்கே? காய்ந்து இறுகின கட்டாந்தரை, முழங்கால் உயரத்துக்குப் புல். ஒரு காலடி கூடப் பதியவில்லை.

“அத்தான், காலை எடுக்காதேங்கோ! நேற்று உங்கட பூவரசடியில ஒண்டு எடுத்தனாங்கள்! உண்மையான சாமான்!”

சிரிப்பு நின்றது. என் முகத்தைத் தூரத்திலிருந்து பார்த்தார். நான் பகிடி விடாமல் நின்றதை அவர் முதல் தடவையாகப் பார்த்திருக்க வேண்டும். அலவாங்கை மெல்லக் கீழே வைத்துவிட்டு, தான் வெட்டின கிடங்குக்குள், தறப்பாளுக்கு மேலேயே குந்தினார்.

யோகா கிட்டிய லேனைப் பார்த்தார், தூரத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். நான் முகக்கவசத்தை எடுத்தேன்.

“நான் போறன் லீடர்.”

“இல்லை அண்ணை, நான் போறன். உங்கட கை இப்ப நடுங்குது, பாருங்கோ.”

பார்த்தேன். நடுங்கியது.

“உங்களுக்கு வேற வேலை. அவர் வயசு போன ஆள். வெயில் ஏற ஏறப் பயம் வரும், எழும்பி ஓடப் பார்ப்பார். லேன் துவங்கிற இடத்தில நிண்டு கதையுங்கோ. நான் போய்ச் சேருமட்டும் அவர் இருந்த இடத்தை விட்டு எழும்பக்கூடாது. திருப்பிச் சொல்லுங்கோ.”

“கதைக்க வேணும். அத்தான் எழும்பக்கூடாது.”

“ஓம். இண்டைக்கு உங்கட வாய் எனக்கு வேணும்.”

அத்தனை வருடமாக மூடச் சொன்ன வாயை அன்றைக்குத் திறக்கச் சொன்னார். திறந்தால், உள்ளே ஒன்றும் இல்லை.

அவர் புல்லை வெட்டி, தடவி, சுரண்டத் துவங்கினார். நான் ஊர்ப் புதினம் சொன்னேன். அத்தான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த பகிடி எல்லாம் சொன்னேன். பக்கத்தில் நின்ற குழுப் பிள்ளைகள்கூடச் சிரிக்கவில்லை. அத்தான் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோக மறந்திருந்தார். உதட்டை நக்கினார். சுற்றிச் சுற்றிப் புல்லைப் பார்த்தார்.

“சின்னவன், அந்தா அந்த வரம்பு கிட்டத்தானே இருக்கு. ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சனெண்டால்…”

“பாய வேண்டாம் அத்தான்.”

“எனக்குக் கால் விறைக்குது. நான் எழும்பப் போறன்.”

அப்போதுதான் வாய்க்கு அது வந்தது. யோசித்து வந்ததில்லை.

“எழும்புங்கோ. எழும்பி என்ன செய்யப் போறியள்? அதுக்குள்ள கிடக்கிற என்ஜின் இனி இறுகிப்போன இரும்பு. நீங்கள்தானே தண்ணி இறக்காமல் ஹெட்டைக் கழட்டினனீங்கள்.”

“என்னது?”

“ஓம். முதல் ஹெட்டைத்தான் கழட்டினனீங்கள். எனக்கு வடிவா ஞாபகம்.”

“விசரா! ஹெட்டை ஆர் கழட்டினது? முழு என்ஜினா அல்லோ இறக்கினனாங்கள்! முதல் ரேடியேற்றர்த் தண்ணியை இறக்கினது. நீதானே வாளி பிடிச்சனி!”

“அப்ப பிறகு?”

“பிறகு பற்றறி வயர். அதுக்குப் பிறகு ரெண்டு ஓஸ் குழாய். மேல் ஓஸ்ல கிளிப் வராமல் நீ பல்லால இழுத்து…”

“பல்லு உடைஞ்சது.”

“உடைஞ்சது அரைப் பல்லு. ஊரெல்லாம் முழுப் பல்லெண்டு சொல்லித் திரிஞ்சனி.”

பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு நட்டாகப் பிழை சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திருத்தினார். காபரேற்றருக்கு முதல் சைலன்சர்க் குழாய் என்றேன். இல்லை, பிறகுதான் என்றார். கியர்பொக்சோடு பூட்டின நட்டுகளில் மேலே இருந்ததை யார் கழற்றினது என்று சண்டை பிடித்தோம். நான்தான் என்று நான் சாதித்தேன், அது பொய். வேலிக்கரைப் பூவரசங்கொப்பில் சங்கிலி போட்டு என்ஜினைத் தூக்கினபோது கொப்பு முறிந்த இடத்துக்கு வந்தோம். அத்தான் கையால் சங்கிலி பிடித்துக் காட்டினார், கால் மட்டும் அசையவில்லை. கழற்றி முடிந்ததும், “சரி, இனிப் பூட்டுவம். முதல் எது?” என்றேன். அப்படியே திரும்பவும் பூட்டத் துவங்கினோம்.

யோகா அரைவழிக்கு மேல் போய்விட்டார். அவருடைய விறாண்டிச் சத்தம் ஒரு தாளம் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

இடது கையை மெல்ல உயர்த்தினார், என் பக்கம் திரும்பாமலே. பிறகு இடுப்பிலிருந்து சிவப்பு முனைக் குச்சி ஒன்றை எடுத்து நட்டார். அத்தான் எட்டிப் பாய்ந்தால் கால் படுகிற தூரம். அவர் பாயப் போகிறேன் என்று காட்டின வரம்புக்கு நேரே.

வெடி கண்டால் நடுகிற குச்சி அது. ஆனால் சத்தம் மாறக்கூடாது.

“பிறகு… பிறகு கிளச். கிளச் எப்பிடி…”

யோகா தடியைப் பின்னுக்கு எடுத்து, வலது பக்கமாக வளைந்து வேறு வழி துவங்கினார். அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்ரா அவா வளைஞ்சு வாறா?”

“வேர் ஒண்டாம் அத்தான்.”

அவர் சுற்றிவரப் பார்த்தார். முன்னம் நெல் விளைந்த வெட்டை வெளி. கண்ணுக்கெட்டின தூரத்தில் வேலிக்கரைப் பூவரசைத் தவிர மரம் இல்லை.

பிறகு சிவப்புக் குச்சியைப் பார்த்தார். எனக்கு அடுத்த நட்டு வாயில் வரவில்லை. கண்ணீரா வேர்வையா என்று தெரியாமல் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இனி எழும்பப் போகிறார் என்று நினைத்தேன்.

“சின்னவன்.”

“ஓம் அத்தான்.”

“கிளச் பிளேட்டுக்குக் கிறீஸ் படக்கூடாது. படாமல் வைச்சால்தான் பிடிக்கும். கேக்குதோ?”

“கேக்குது.”

“கேட்டால் ‘ஓம்’ சொல்லு. வாயடைச்சு நிக்காதை. நான் சொல்லுறன், நீ பூட்டு.”

அதற்குப் பிறகு அவர்தான் கதைத்தார். நான் ‘ஓம்’ போட்டேன். ரேடியேற்றருக்குத் தண்ணி விட்டு, பொனற்றைச் சாத்தும்வரை, ஒரு நட்டும் விடாமல், இறுகின குரலில், என்னைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். யார் யாரை எழும்பாமல் வைத்திருந்தது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

யோகா போய்ச் சேர்ந்தபோது சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தது. தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். அத்தான் குடித்தார். “என்ர கால் அடியில மட்டும் உங்கட காலை வையுங்கோ ஐயா” என்றார் யோகா. அப்படியே கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சிவப்புக் குச்சியைக் கடக்கும்போது அத்தான் அதைப் பார்க்கவில்லை. யோகாவின் சப்பாத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

வெளியே வந்ததும் நான் அத்தானைக் கட்டிப்பிடிக்கப் போனேன். கன்னத்தில் ஒன்று விட்டார். “வேரோ?” என்றார். பிறகுதான் பிடித்துக்கொண்டார்.

யோகா கவசத்தைக் கழற்றிவிட்டு வரம்பில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பை பிடித்த அவருடைய கை நடுங்கியது. நான் பார்த்ததை அவர் கண்டார்.

“இப்ப நடுங்கலாம் அண்ணை” என்றார்.

என்ஜினை எடுத்தது பிறகு, முறைப்படி, ஓரத்திலிருந்து வந்து, சுற்றிவரத் துப்புரவு செய்துதான். தறப்பாளை முற்றத்தில் அவிழ்த்தோம். கிறீஸ் காய்ந்து தார் மாதிரி இருந்தது. காபரேற்றர் ஓட்டைக்குள் என் சாரம் அப்படியே கிடந்தது. ஒரு பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. டீசலும் பிறேக் ஒயிலும் கலந்து ஊற்றி, ஊற விட்டு, தினமும் நட்டுக் கழற்றுகிற நீட்டுச் சாவியால் ஒரு மயிரிழை திருப்பிப் பார்த்தோம். ஒரு நாள் காலை அது முனகிக்கொண்டு அசைந்தது. வால்வுகளைக் கையால் தேய்த்து இருத்தினோம். ஹெட் கஸ்கெற்றைச் செம்புத் தகட்டில் வவுனியாவில் வெட்டி எடுத்தோம். பூட்டும்போது வயலில் சொன்ன ஒழுங்கில்தான் பூட்டினோம். எங்கேயாவது நான் தடுமாறினால் அத்தான் அன்றைய குரலில் சொல்லுவார், நான் ‘ஓம்’ என்பேன்.

நிறம் அடிக்கிற கட்டத்தில் மட்டும் பிரச்சினை வந்தது. அத்தானுக்கு அசல் பச்சை வேண்டும். அப்படித்தான் வெள்ளைக்காரன் அடித்தான், அதுதான் முறை என்றார்.

அக்கா கையிலிருந்த அகப்பையோடு வெளியே வந்தா. “பச்சை அடிச்சியளெண்டால் என்ர முற்றத்தில நிக்கக்கூடாது. இவ்வளவு காலமும் பச்சை வாகனம் பார்த்தது காணும்.”

கேற்றுக்கு வாங்கி மிஞ்சின மஞ்சளை அடித்தோம். உலக யுத்தத்துக்கு வந்த ஜீப் பள்ளிக்கூடச் சுவர் மாதிரி நிற்கிறது. பழைய வாகனம் திருத்துகிற பெரிய ஆட்கள் கண்டால் அழுவார்கள்.

நான் சொல்ல வந்தது இதில்லை. அந்த நாளுக்குப் பிறகு அத்தானின் நடை மாறிவிட்டது. எங்கே போனாலும் குனிந்து, ஒரு இடத்தைப் பார்த்து, பிறகுதான் காலை வைப்பார். கிணற்றடிக்குப் போனாலும் அப்படித்தான். வீட்டுச் சீமெந்துத் தரையிலும் அப்படித்தான். புல் இருந்தால் சுற்றிப் போவார். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், வீதி மணல் என்பதால். ஒருவரும் அதைப் பற்றி அவரோடு கதைப்பதில்லை. நான்கூடப் பகிடி விடவில்லை. அக்கா ஒரு நாள் என்னிடம், “உயிரோட தந்தியள், சரி. ஆனால் அந்தாள் இன்னும் அந்தக் கிடங்குக்கதான் இருக்குது” என்றா. நாங்கள் நிலத்தைத் துப்புரவு செய்ய மட்டும்தான் படித்தவர்கள்.

ஜீப்பை முதல் தடவை வெளியே எடுத்த நாளுக்கு யோகாவைக் கூப்பிட்டோம். பொனற்றில் சேலைன் போத்தலைக் கட்டி, அதிலிருந்து பெற்றோல் இறங்கவைத்து, நான் கிறாங் அடித்தேன். மூன்று தரம் என் தோளை உதைத்துவிட்டு நாலாம் தரம் பிடித்தது. அத்தான் ஸ்டியறிங்கில், அவருக்குப் பக்கத்தில் அக்கா, பின்னால் யோகாவும் நானும். வயல்களுக்கு நடுவால் போகிற தார் றோட்டில் ஏறினோம். ஒரு மதகு தாண்டினதும் என்ஜின் இருமிவிட்டு நின்றது.

“பெற்றோல் குழாயில காத்துப் பிடிச்சிட்டுது. தள்ளினால் வரும்” என்றார் அத்தான். அக்காவைத் தன் இடத்துக்கு நகர்ந்து ஸ்டியறிங்கைப் பிடிக்கச் சொன்னார். இடதுபக்க ஸ்டியறிங். அவர் இறங்கிற பக்கம் றோட்டோரம். முழங்கால் அளவு புல்.

இறங்கினார். ஜீப்பையே பார்த்தபடி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, புல்லுக்குள் இறங்கினார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

“என்னடா பார்த்துக்கொண்டிருக்கிறாய்? இஞ்சால வந்து தோள் குடு!”

நான் பின்பக்கத்தால் தாரில் இறங்கினேன். அவருடைய பக்கத்துக்குப் போக ஒரு அடி எடுத்து வைத்தேன். தார் முடிகிற இடத்தில் என் கால் நின்றுவிட்டது. இத்தனை வருடம் எத்தனை வயலைச் சுத்தம் என்று சொல்லிக் கொடுத்தவன் நான். இந்த றோட்டோரம் ஆடு மேய்கிற இடம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற இடம். எல்லாம் தெரியும். கால் வரவில்லை.

பக்கத்தில் பார்த்தேன். யோகாவும் தார் விளிம்பில்தான் நின்றார்.

“லீடர், நீங்களுமோ?”

“சத்தம் போடாதேங்கோ அண்ணை” என்றார். “பின்னால நிண்டு தள்ளுவம்.”

இரண்டு பேரும் தாரில் நின்று பின்னால் தள்ளினோம். அத்தான் புல்லுக்குள் நின்று பக்கவாட்டில் தோள் கொடுத்தார். ஜீப் உருண்டது, குலுங்கியது, பிடித்தது. பிடித்ததும் பாய்ந்தது. அக்கா, “ஐயோ, பிறேக் எதப்பா?” என்று கத்திக்கொண்டு போனா.

“நடுவில! நடுவில!” என்று கத்தியபடி அத்தான் புல்லுக்குள்ளால், நிலத்தைப் பார்க்காமல், ஓடினார்.